நான்காம் எண் சட்டை

1

இந்தக் கதை ஓர் அடித்தல் கோட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனை ஊற்றெடுத்தது, நள்ளிரவில் பாத்திரம் வந்து தோளைத் தொட்டது என்றெல்லாம் கதை விட எனக்கு வராது.

ஊர் மன்றம் ஒன்று தன் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டது. "நம்ம மன்றத்துல டெண்டர் முறையை எப்படிச் சீர்படுத்தினோம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. படிக்கிறவங்க தூங்கிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் தலைவர். அதில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. டெண்டர் என்றதும் கொட்டாவி விடாதவர்கள் இரண்டே வகை. அதில் சம்பாதித்தவர்கள், அதில் ஏமாந்தவர்கள்.

எழுதிக் கொடுத்தேன். கட்டுரையைச் சரிபார்க்கக் கொள்முதல் அதிகாரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஒரே ஒரு வாக்கியம் அடிக்கப்பட்டிருந்தது:

~~மாதிரிப் பொருள் யாருடையது என்பது மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.~~

கட்டுரையிலேயே நான் பெருமைப்பட்டுக்கொண்ட வாக்கியம் அது. கோபத்தோடு ஃபோன் செய்தேன்.

"மத்ததெல்லாம் சரிங்க. அது மட்டும் உண்மை இல்லை" என்றார். "நேர்ல வாங்க, சொல்றேன்."

போனேன். சொன்னார். இனி வருவது அந்த வாக்கியத்தின் கதை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

*மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துப்புரவுத் தொழிலாளியின் சட்டை அக்குளில் கிழிந்து*

(வேண்டாம். மழையில் தொடங்கினால் அதற்குக் கடைசிவரை ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். இந்தக் கதையில் மழைக்கு வேலை இல்லை.)

*பொதுப் பணத்தைச் செலவிடும் எந்த அமைப்புக்கும் வெளிப்படைத்தன்மை என்பது*

(இது கட்டுரையிலிருந்து தப்பித்து ஓடி வந்தது. பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.)

*சப்ளையர்கள் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை.*

இதை வைத்துக்கொள்ளலாம். நேரில் அந்தக் கொள்முதல் அதிகாரியை "அவர்" என்றுதான் சொல்கிறேன். கதைக்குள் "அவள்" என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. இவ்வளவு பக்கத்தில் நின்று ஒருவரைப் பார்க்கும்போது "அவர்" கொஞ்சம் இடிக்கிறது.

3

சப்ளையர்கள் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. முதலில் வயிற்றெரிச்சலில் வைத்தார்கள். பிறகு அதையே மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்கள். "சல்லடை மேடம் கையில போச்சுன்னா கல்லு தனி, மண்ணு தனி" என்று மன்ற வாசலில் தேநீர் குடித்துக்கொண்டே பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழாத மாதிரி நடந்து போவாள். உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் சிரிப்பாள்.

அவள் வருவதற்கு முன் டெண்டர் அறிவிப்பை ஒட்டும் இடம், சாமான் அறைக் கதவின் உள்பக்கம். கதவைத் திறந்து வைத்தால் அறிவிப்பு சுவரைப் பார்த்து நிற்கும். சுவர் மட்டும் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூன்று பேர் விலை கொடுப்பார்கள். மூவரும் மாமன் மச்சான்கள். இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருக் கூட்டுகிறவர்களுக்கு வந்த சட்டை ஒரு மாதத்தில் தோளில் பிரியும். அவர்கள் அதன்மேல் தங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

அவள் அறிவிப்பை வாசலுக்குக் கொண்டுவந்தாள். பெரிய வேலைகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்தாள், சிறு பட்டறைக்காரர்களும் கேட்கலாம் என்று. விலை உறையை எல்லார் முன்னாலும் திறக்கச் செய்தாள். டெண்டர் நடக்கும் காலத்தில் மன்றத்தில் யாரும் எந்தச் சப்ளையரோடும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றாள். தோற்றவர்கள் வந்து உட்கார்ந்து "ஏன் தோற்றேன்" என்று கேட்கலாம், கேட்டால் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். அவள் மிகவும் கர்வப்பட்டது கடைசி விதியில்: மாதிரிப் பொருட்கள் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு மேஜைக்கு வரும். தரத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் எந்த எண் யாருடையது என்பது தெரியும்.

இதுவரைக்கும் கட்டுரையில் இருக்கிறது. மலர் வந்ததும் படித்துக்கொள்ளுங்கள்.

4

அவளுக்கு ஓர் அக்கா.

(இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "ஓர் அக்கா" என்று சொல்லிவிட்டால் அக்கா வந்துவிடுவாளா?)

மறுபடி முயல்கிறேன். அம்மா இரண்டு வேலை பார்த்ததால் அவளுக்குத் தலை வாரிவிட்டதும், சட்டை தைத்துக் கொடுத்ததும் அக்காதான். பள்ளி விடுதியில் எல்லாப் பிள்ளைகளின் சட்டையும் ஒரே தொட்டியில் ஊறி, ஒரே கொடியில் காயும். முதல் மாதமே அவள் சட்டை காணாமல் போய் வேறு யாருடையதோ வந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவளிடம் அக்கா சொன்னாள்:

"இதுக்குப் போயி அழுவாங்களா? இரு, உனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு பண்றேன்."

கழுத்துப் பட்டையின் உள்பக்கம், முதல் பொத்தானுக்குக் கீழே, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் எள் அளவுக்குத் தட்டுப்படும். அதன் பிறகு அவள் சட்டை தொலையவே இல்லை. கொடியில் கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுத்துவிடுவாள்.

அக்கா பிறகு ஒரு தையல் பட்டறை வைத்தாள். உணவகங்களுக்கும் கடைகளுக்கும் வேலையாட்களின் சட்டை தைத்துக் கொடுக்கிற சின்னப் பட்டறை. பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள். தங்கைக்கு வேலை கிடைத்து மன்றத்துக்கு வந்ததும் அக்கா எல்லாரிடமும், "எங்க பாப்பா ஆபீசர்" என்றாள். நாற்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான்.

புது விதிகள் வந்த வருடம் அவளே அக்காவிடம் சொன்னாள்: "இனிமே உன்னை மாதிரி ஆளுங்களும் டெண்டர் போடலாம்க்கா. யார் தயவும் வேண்டாம்."

"எனக்கு அந்த ஃபாரமெல்லாம் எழுத வராதே பாப்பா."

"எளிசா மாத்திட்டோம். நீயே எழுதிடலாம்."

அக்கா எழுதினாள். தெருக் கூட்டுகிறவர்களின் சட்டைக்கு. கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பட்டறையை ஒட்டிய இடத்தையும் வாடகைக்கு எடுத்து, இன்னும் இரண்டு பெண்களை வரச் சொன்னாள். நடுவில் ஒருநாள் ஃபோன் செய்து, "பாப்பா, இதுல ஒரு இடத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, இப்பப் பேசக் கூடாது" என்று இவள் வைத்துவிட்டாள்.

5

அவள் ஏன் விலகிக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் கேட்டேன்.

தலைவரிடம் சொல்லியிருக்கிறாள். "என் அக்காவும் போடறாங்க. நான் மதிப்பீட்டுக் குழுவுல இருக்கறது சரியா?"

தலைவர் சிரித்தார். "இந்த ஊர்ல யாருக்கு யாரு சொந்தம் இல்ல? பேரே இல்லாத சட்டையை வச்சு யார் துணின்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? உங்க முறை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்வி அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. நம்பிக்கை இருந்தது. அதுதான் தொந்தரவு. பட்டறையில் தைக்கிற எல்லாச் சட்டைக்கும் அக்கா அந்த முடிச்சைப் போடுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. அது தனக்கு மட்டும் உரியது, விடுதிக் கொடியோடு முடிந்துபோனது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.\*

\* உண்மையில் அந்த முடிச்சு பொத்தானை இழுத்துப் பிடித்து விழாமல் வைக்கும். அக்கா அதை அவளுக்காகக் கண்டுபிடித்து, நன்றாக இருக்கிறதே என்று எல்லாருக்கும் போட ஆரம்பித்திருக்கிறாள். இது பிறகுதான் தெரிந்தது.

6

மன்றத்தின் கூட்ட அறை. நீள மேஜை. எண் ஒட்டிய சட்டைகள் வரிசையாக. குழுவில் மூன்று பேர்: அவள், பொறியாளர், துப்புரவு மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் ஒவ்வொரு சட்டையையும் தோளில் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்தார். பொறியாளர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள், எல்லாரும் பார்க்கிற மாதிரிதான்.

நான்காம் எண் சட்டை. விரல் உள்ளே போனது. எள் அளவு.

அவள் முகம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை. மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடம், இந்த நாலாம் நம்பரைப் பாருங்க. இழுத்தா அசைய மாட்டேங்குது. எங்க ஆளுங்களுக்கு இது கிடைச்சா கும்பிடுவாங்க."

*அப்போது அவள் எழுந்து வெளியே*

(இல்லை. போகவில்லை.)

*அப்போது அவள் நடந்ததைச் சொல்லி*

(சொல்லவும் இல்லை. என் பேனா இரண்டு முறை அவளைக் காப்பாற்றப் பார்த்தது. அவள் ஒத்துழைக்கவில்லை.)

மற்ற இருவரும் தையலுக்குப் பத்தில் ஒன்பது, எட்டு என்று போட்டார்கள். அவள் நாலு போட்டாள்.

மதிப்பெண்ணில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் காரணம் பதிய வேண்டும். அதுவும் அவள் கொண்டுவந்த விதிதான். பொறியாளர் கேட்டார்: "ஏன் மேடம் நாலு?"

"கழுத்துல உள்பக்கம் ஒரு முடிச்சு இருக்கு. போட்டா குத்தும்."

மேற்பார்வையாளர் விரலை விட்டுத் தடவினார். "எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே."

"இருக்கு."

"எனக்குத் தையல் தெரியாது" என்றார் பொறியாளர். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவளுடைய நல்ல பெயர் அந்த அறையில் அவளுக்காகப் பொய் சொன்னது.

இரண்டாம் எண் வென்றது. கொஞ்ச வித்தியாசத்தில்.

7

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையான பெண் இப்படிச் செய்வாளா? வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று அவரிடமே சொன்னேன்.

"எழுந்து போயிருந்தா ஏன்னு கேட்டிருப்பாங்க. சொன்னா நாலாம் நம்பர் யாருதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் எனக்காகக் கூட்டிப் போடுவாங்க, இல்ல எனக்குப் பயந்து குறைப்பாங்க."

"அதுக்காக நீங்களே குறைச்சீங்களா?"

"ஒன்பது போடத்தான் பேனாவை எடுத்தேன். கை வரலைங்க. அந்த ஒன்பது மார்க், சட்டைக்கா அக்காவுக்கான்னு எனக்கே தெரியலை. நாலு போட்டா அது நிச்சயமா அக்காவுக்கு இல்லைன்னு தெரியும்ல?"

நான் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன்.

"தப்புன்னு அன்னைக்கே தெரியும்" என்றார். "ஆனா நேர்மையா இருக்கற மாதிரி இருந்துச்சு. அந்த நிமிஷம் மனசுக்குப் பெரிய நிம்மதி. அதை நினைச்சாத்தான் இப்ப வெக்கமா இருக்கு."

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வென்ற இரண்டாம் எண்காரர் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. நல்ல சட்டைதான் தைத்துக் கொடுத்தார். தெருக் கூட்டுகிறவர்கள் ஒரு புகாரும் சொல்லவில்லை. வில்லன் இருந்திருந்தால் கதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.)

8

தோற்றவர்கள் வந்து காரணம் கேட்கலாம் அல்லவா? அக்கா வந்தாள்.

தங்கையின் சொந்த விதிப்படி, அந்தச் சந்திப்பில் அதிகாரியோடு ஓர் எழுத்தரும் இருக்க வேண்டும். பேசுவதை எல்லாம் அவர் குறித்துக்கொள்வார். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெளியில் போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிற நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"வணக்கம் மேடம்" என்றாள்.

அக்கா வாயிலிருந்து முதல் முறையாக அந்தச் சொல். கிண்டல் இல்லை. தங்கையின் வேலைக்குத் தன்னால் ஒரு சங்கடமும் வந்துவிடக் கூடாதே என்ற கவனம்தான் அதில் இருந்தது.

தங்கை மதிப்பெண்களைப் படித்தாள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லக் கூடாது. மூன்று எண்கள் மட்டும்.

"ரெண்டு பேரு நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் அக்கா. "அந்த நாலு போட்டவரு என்ன குறை சொன்னாரு மேடம்? சண்டைக்கு வரலை. தெரிஞ்சா அடுத்த தடவை திருத்திக்குவேன், அதுக்குத்தான்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். பதிவான காரணத்தைத்தான் சொல்ல முடியும்.

"கழுத்துப் பட்டையில... முதல் பொத்தானுக்குக் கீழ ஒரு முடிச்சு இருக்காம். அது குத்தும்னு."

அக்கா மேஜையைப் பார்த்தாள். பிறகு தங்கையின் கழுத்தைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளும் குத்திக்கிட்டா இருந்துச்சு?"

எழுத்தர் அதைக் குறித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை நிறுத்தினார்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்கா. பிறகு ஞாபகம் வந்தவளாக, "மேடம்" என்று சேர்த்துக்கொண்டாள். எழுந்து போனாள்.

9

அக்கா கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்தால் கதை ஒரு வழியாக முடிந்திருக்கும். சண்டை, பிரிவு, சமாதானம் என்று எழுதியிருப்பேன். அக்கா அப்படி எதுவும் செய்யவில்லை. தங்கை வீட்டுக்குப் போனால் முன்போலவே சாப்பிட்டாயா என்று கேட்டாள். அக்காவின் கணவர், மாமாதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார், பக்கத்து இடத்தைக் காலி செய்துவிட்டதாக. வரச் சொன்ன இரண்டு பெண்களும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி இன்னும் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறாளாம்.

"உங்க அக்கா கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கா" என்றார் மாமா. "தைச்சு முடிச்ச சட்டையை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் பிரிச்சிக்கிட்டு உட்காந்திருக்கா. அம்புட்டும் குத்துதாம். எந்தக் கடைக்காரனும் வந்து குத்துதுன்னு சொல்லலையே, உனக்கு யாருடி சொன்னதுன்னு கேட்டேன். அடுத்த சட்டையை எடுத்துப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா."

முடிச்சு எல்லாச் சட்டையிலும் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜையில் கிடந்த நான்காம் எண் அக்கா அவளுக்கு அனுப்பிய சைகை இல்லை. அது வெறும் பழகின கை.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, மாமா முன்னாலேயே, "நாலு போட்டது நான்தான்க்கா" என்று சொல்லியிருக்கலாம். அக்கா ஓர் அறை விட்டிருப்பாள், பிறகு அழுதிருப்பாள், பிறகு சாப்பிடச் சொல்லியிருப்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். அந்த நாளை வரவில்லை. அதற்குள் அக்கா அவளுக்கென்று ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள்.

"இது குத்தாது பாப்பா. பாத்துத்தான் போட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டாள். துணி மழமழவென்றிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. அந்தச் சட்டையை அவள் இன்னும் போடவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மேல் பொத்தான் தானாகவே தொங்க ஆரம்பித்ததாக என்னிடம் சொன்னார். (அவர் அப்படிச் சொல்லவில்லை. போடாத சட்டையின் பொத்தான் எப்படித் தொங்கும்? கதை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சேர்த்தது. அடித்துவிட மனம் வரவில்லை, ஆனால் நம்பாதீர்கள்.)

10

முடிவு.

முதல் முடிவு: இந்த வருடம் மறுபடி அதே டெண்டர். மேஜையில் சட்டைகள். அவள் ஒவ்வொரு கழுத்தையும் தடவுகிறாள். ஒன்றில் முடிச்சு. அவள் கண்ணீரோடு ஒன்பது போட

(கண்ணீரோடு ஒன்பது போட்டால் அதுவும் தப்பான ஒன்பதுதான்.)

இரண்டாம் முடிவு: அவள் குழுவிலிருந்து விலகுகிறாள். நெருங்கிய சொந்தம் டெண்டர் போட்டால் விலகியே ஆக வேண்டும் என்று ஒரு விதி எழுதுகிறாள். இதைச் செய்துவிட்டதாகவே சொன்னார். நல்ல விதி. கட்டுரையிலும் சேர்த்துவிட்டேன். ஆனால் அது மன்றத்துக்கான முடிவு. அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது?

மூன்றாம் முடிவை நான் எழுதவில்லை, அவர்தான் நேற்று ஃபோனில் சொன்னார்.

அக்கா இந்த வருடம் போட்டிருக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. டெண்டர் நடக்கும் காலம், கேட்கக் கூடாது. போட்டிருப்பாள் என்று வைத்துக்கொண்டு விலகிவிட்டார். நேற்று மாதிரிச் சட்டைகள் வந்து சேர்ந்தன. எண் ஒட்டிய பிறகு, பூட்டுவதற்கு முன், சாவி அவர் கையில்தான் இருந்தது. மதிப்பெண் போடப் போவதில்லை, தொட்டுப் பார்ப்பதில் என்ன என்று உள்ளே போயிருக்கிறார்.

"எல்லாத்தையும் தடவிப் பாத்தேங்க. கண்ணை மூடிக்கிட்டும் பாத்தேன்."

"இருந்துச்சா?"

"ஒண்ணுலயும் இல்ல. எது எங்க அக்காது, அக்கா போட்டாளா இல்லையா, ஒண்ணுமே தெரியலை." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீங்க அந்த வாக்கியத்தைத் திரும்பப் போட்டுக்கலாம். இப்ப அது உண்மைதான்."

மலர் நாளை அச்சுக்குப் போகிறது. கட்டுரை மேஜைமேல் இருக்கிறது. அடித்த கோட்டின் கீழே வாக்கியம் இன்னும் படிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. சேர்த்தால் மன்றத்தின் முறை முழுமை அடைந்துவிட்டது என்று ஆகும். தலைவர் மகிழ்வார். மலர் வீட்டுக்கு வீடு போகும். அக்கா வீட்டுக்கும் போகும். தன் தங்கையின் சாதனையை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படிப்பாள், இந்த வரியையும்.

சேர்க்காமல் விட்டால் யாரும் கவனிக்கப்போவதில்லை.

அச்சகத்துக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கட்டுரையில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். முடிச்சு என்றைக்கும் குத்தவில்லை என்று அக்காவிடம் யாராவது முதலில் பேசிவிட்டு வந்தால் நல்லது. தங்கை பேச மாட்டாள், டெண்டர் முடியும்வரை அவளுக்கு அனுமதி இல்லை. முடிந்த பிறகு பேசுவாளா என்பதும் எனக்குத் தெரியாது. நீங்கள் மன்றத்து ஆள் இல்லை. உங்களுக்குத் தடை எதுவும் கிடையாது.

[                                                            ]